ஓடைக்கரையும் ஓணானும்

நீலகிரி மலையின் மேற்குச் சரிவில், கூடலூரை அடுத்து, செங்குத்தாக நிமிர்ந்த மலைச்சுவரின் அடியில் ஒரு பள்ளத்தாக்குக் கிடக்கின்றது. அதன் பெயர் ஓவேலி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கொண்டுவரும் மேகங்கள் அம்மலைச்சுவரில் மோதிப் பெருமழை பொழிகின்றன. அம்மழைநீர் எண்ணற்ற ஓடைகளாக இறங்கிப் பாண்டியாறு என்னும் பெயர் பெறுகின்றது. பாண்டியாறு புன்னம்புழையோடு கலந்து, கேரள நாட்டின் சாலியாற்றிற் சேர்ந்து, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் கடலை அடைகின்றது. கடலிலிருந்து எழுந்த நீர் மீண்டும் கடலுக்கே செல்லும் இவ்வழியில், முதற்படி ஓவேலியின் ஓடைக்கரைகளே ஆகும்.

ஓவேலி என்னும் பெயரைக் கேட்போர் அது பழந்தமிழ்ப் பெயரென்றே கருதக்கூடும். வேலி என்பது நில அளவையைக் குறிக்கும் சொல்லாகவும் காவலைக் குறிக்கும் சொல்லாகவும் தமிழில் வழங்குகின்றதன்றோ? ஆயினும் இப்பெயரின் வரலாறு வேறு. ஆக்டர்லோனி என்னும் படை அதிகாரி 1847-ஆம் ஆண்டை ஒட்டி நீலகிரியை அளந்தார். அவருடைய உடன்பிறந்தார் இப்பள்ளத்தாக்கில் காப்பி பயிரிட்டார். அக்குடும்பப் பெயரின் முதலெழுத்தும், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து மக்கள் நாவில் ஓவேலி என ஆயின. பெயரோடு நிலமும் மாறியது. அடர்ந்த மழைக்காடு வெட்டப்பட்டுக் காப்பித் தோட்டமாயிற்று. பின்னர்ச் சின்கோனாவும் தேயிலையும் வந்தன. பல இடங்களில் தேயிலைச் செடியின் வரிசை ஓடையின் விளிம்புவரை சென்று நின்றது.

அவ்வாறு நிழல் இழந்த ஓடைக்கரைகளை மீண்டும் பசுமையாக்குதல் வேண்டும் என்று இன்று பலரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அக்கரைகளில் வாழும் ஓணானுக்கும் பல்லிக்கும் அரணைக்கும் பொதுப்பணத்தைச் செலவிடுதல் வேண்டும் என்று கூறினால், கேட்போர் நகைப்பர். யானைக்குச் செலவிடலாம், புலிக்குச் செலவிடலாம், ஓணானுக்கும் ஒரு செலவா என்று வினவுவர். அந்நகைப்பு நியாயமானதுதானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் அவ்வுயிர்கள் எத்தகையவை என்பதைக் காணலாம். நீலகிரியின் உயர்ந்த சோலைக்காடுகளில் முதுகில் முள்வரிசை கொண்ட ஓணான் ஒன்று வாழ்கின்றது. உலகில் அது தென்னிந்திய மலைகளிலன்றி வேறெங்கும் இல்லை. மலையின் சரிவுகளில் வாழும் காட்டோணான் ஒன்றை 1853-ஆம் ஆண்டில் ஜெர்டன் என்னும் மருத்துவர் விவரித்து எழுதினார். சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெட்டோம், 1870-ஆம் ஆண்டில் வயநாட்டுப் பகற்பல்லியை அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். கூடலூர்ப் பகுதி அக்காலத்தில் வயநாட்டின் ஒரு கூறாகவே இருந்தது. 1877-ஆம் ஆண்டிலேதான் அது நீலகிரி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. இவையேயன்றி, விலாவெலும்புகளால் தாங்கப்பெற்ற தோற்சிறகை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பறக்கும் ஓணானும் மேற்குத் தொடர்ச்சி மலையின் செல்வமாகும்.

இவ்வுயிர்களின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினால், அவற்றிற்கும் நிழலுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். ஊர்வனவற்றின் உடல், மாந்தர் உடலைப்போலத் தன் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்வதன்று. வெயிலில் சென்று சூடேற்றிக்கொள்ளுதலும் நிழலில் புகுந்து ஆற்றிக்கொள்ளுதலுமே அவற்றின் வழி. வீட்டுச் சுவரில் இரவில் உலாவும் பல்லியைப் போலன்றிப் பகற்பல்லி பகலில் இரைதேடுவது. ஈரம் கசியும் பாறையும் பெருமரத்தின் அடியும் அதன் இருப்பிடங்கள். பாறை வெடிப்பில் அது முட்டையிடும். காட்டோணான் மண்ணைத் தோண்டி முட்டையிடும். மரத்தைவிட்டு எளிதில் இறங்காத பறக்கும் ஓணானும், முட்டையிடுவதற்கு நிலத்துக்கு வந்தே ஆதல் வேண்டும். அரணைக்கோ உதிர்ந்த இலையின் மெத்தையே உலகம். ஆகவே மரம், பாறை, மண், சருகு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடமே இவ்வினங்களுக்கு ஏற்ற இல்லம். அந்நான்கும் ஒன்றுகூடும் இடம் நிழல் மிக்க ஓடைக்கரையே அன்றோ?

நிழல் அகன்றால் நேர்வது யாது? மெக்சிகோ நாட்டில் 48 இன ஓணான்கள் வாழ்ந்த 200 இடங்களை ஆய்வாளர்கள் மீண்டும் சென்று பார்த்தனர். 1975-ஆம் ஆண்டுக்குப் பின் அவ்விடங்களுள் நூற்றுக்குப் பன்னிரண்டில் அவை அடியோடு அற்றுப்போயிருந்தன. 2010-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு அதற்குரிய காரணத்தையும் கூறியது. வெப்பம் மிகுதியாகவே, இனப்பெருக்கப் பருவத்தில் ஓணான்கள் இரைதேட வெளிவரும் நேரம் சுருங்கிற்று. வேடனும் கொல்லவில்லை, நஞ்சும் கொல்லவில்லை. பகற்பொழுதே அவற்றிற்குப் பகையாயிற்று. அங்கு வாழ்ந்த ஓணான்களின் நிலையே இதுவென்றால், ஈரநிழலில் பிறந்து வளர்ந்த மலைப்பல்லியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பாலை நிலத்து ஓணானைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஓந்தி என்னும் பெயரால் அது சங்கப் பாடல்களில் இடம்பெறுகின்றது. வெம்மை மிக்க வழியில் உலர்ந்த மரத்தின்மேல் அது இருக்கும் காட்சி, பாலைத்திணையின் கருப்பொருள்களுள் ஒன்றாயிற்று. இக்காலத்திலும் அவ்வுறவு அற்றுவிடவில்லை. தொண்டையில் விசிறிபோல் விரியும் வண்ணத்தோல் உடைய ஓணான் இனமொன்றை 2016-ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து விவரித்தனர். அதன் அறிவியற் பெயரிலேயே விசிறி என்னும் தமிழ்ச்சொல்லை அமைத்தனர். சிற்றுயிரைப் பொருட்படுத்தி நோக்குதல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு இவையே சான்றாகும்.

ஓணானைக் காப்பதற்கும் ஓடையைக் காப்பதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க நாட்டுப் பாலைவனம் ஒன்று தெளிவாகக் காட்டியிருக்கின்றது. கலிபோர்னியா மாநிலத்தில் கோச்செல்லா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குக் காற்றால் குவிந்த மென்மணலில் வாழும் ஓணானுக்குக் கால்விரலின் ஓரங்களில் செதில்கள் சீப்புப்போல் நீண்டிருக்கும். அவற்றின் உதவியால் அது மணல்மேல் விரைந்தோடும்; ஆபத்து வருங்கால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். வீடுகளும் விளையாட்டுத் திடல்களும் பெருகவே மணல்மேடுகள் குறைந்தன. 1980-ஆம் ஆண்டில் அவ்வினம் அழிவின் விளிம்பை நெருங்குவதாக அரசு அறிவித்தது. 1986-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. நிலத்தில் கட்டடம் எழுப்புவோர் ஏக்கருக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினர். அப்பணமும் சேர்ந்து ஓணானுக்கென ஒரு காப்பிடம் அமைந்தது.

ஆனால் மணல்மேட்டைச் சுற்றி வேலியிடுதல் மட்டும் போதவில்லை. அம்மணல் அங்கேயே பிறந்ததன்று. மழை பெய்யுங்கால் சுற்றியுள்ள மலைகளிலிருந்து காட்டாறுகள் அதனை அடித்துவருகின்றன. பின்னர்க் காற்று அதனை வாரிக் கொண்டுபோய்க் குவிக்கின்றது. காட்டாற்றின் வழி அடைபட்டால் மணல் வருகை நின்றுவிடும். பழைய மணலைக் காற்று அரித்துச் செல்லும். வேலி நிற்கும், ஓணான் நில்லாது. பாலையில் வாழும் ஓணானுக்கும் ஆற்றின் வழியே உயிர்வழி என்பது இதனால் புலனாயிற்று. பாலைக்கே இது பொருந்துமாயின், ஓடைக்கரையிலேயே பிறந்து இறக்கும் ஓவேலிப் பல்லிக்கு எத்துணைப் பொருந்தும்!

இனி, பணத்தைப் பற்றிய வினாவுக்கு வரலாம். காட்டைக் காப்பதற்கு நாட்டில் பணமே இல்லை என்று கூறிவிட முடியாது. அப்பணம் பிறந்த கதையும் கூடலூர்க் காட்டோடு தொடர்புடையதே. கூடலூர்ப் பகுதியின் நிலங்கள் முன்பு நிலம்பூர்க் கோவிலகத்தின் சென்மி உரிமையில் இருந்தன. அவ்வுரிமையை ஒழிக்கத் தமிழ்நாட்டு அரசு 1969-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. பின்னாளில் இக்காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு வருந்திய அக்கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, 1995-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றம் தந்த ஆணை நாடு முழுமைக்கும் பொருந்துவதாயிற்று. யாருடைய உடைமையாயினும் காடு காடே என்பது அதன் சாரம்.

அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே ஈடுசெய் காடுவளர்ப்பு நிதி தோன்றியது. சுரங்கம், அணை, சாலை முதலியவற்றுக்காகக் காட்டு நிலத்தை எடுத்துக்கொள்வோர், இழந்த காட்டுக்கு ஈடாகச் செலுத்தும் தொகையே அந்நிதி. அதனை முறைப்படுத்தும் சட்டம் 2016-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நடுவண் அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்த தொகை மட்டும் 47,436 கோடி ரூபாய். ஓவேலியை உள்ளடக்கிய கூடலூர்க் காட்டின்பொருட்டு எழுந்த குரல், இந்நாட்டின் காடுகளுக்கெல்லாம் ஒரு கருவூலத்தைத் திறந்துவிட்டது எனலாம். அக்கருவூலத்திலிருந்து ஒரு கைப்பிடியேனும் இவ்வோடைக் கரைகளுக்கு வருதல் முறையே அன்றோ? அது கொடையன்று, பட்ட கடனைத் தீர்க்கும் செயலே ஆகும்.

பணம் இருந்தாலும் அது சென்று சேரும் இடத்திலேதான் குறை நேர்கின்றது. பேருருவும் பேரழகும் உடைய விலங்குகள் எளிதிற் கண்ணில் படுகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டுக்காக 25.14 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டம் 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அது போற்றத்தக்க செயல். ஆனால் வரையாடு உலாவும் மலைமுகட்டிலிருந்து இறங்கும் நீரின் கரையில் வாழும் சிறு பல்லியின் பெயரால் ஒரு திட்டம் வேண்டும் என்று குரல் எழுப்புவோர் அரியர். காடு வளர்த்தல் என்றாலோ, பலருக்கும் மரக்கன்றுகளின் எண்ணிக்கையே நினைவுக்கு வருகின்றது. இத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று ஏட்டில் எழுதுதல் எளிது. விரைந்து வளரும் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டாலும் அக்கணக்கு நிறைவெய்தும். நீலகிரியில் முற்காலத்தில் நட்ட சீகையும் தைலமரமும் புல்வெளியை விழுங்கிய வரலாறு, மரமெல்லாம் காடாகாது என்பதை உணர்த்தும்.

இவ்விடத்திலேதான் ஓணானின் பயன் விளங்குகின்றது. செலவிட்ட பணம் பயன் தந்ததா என்பதை ஆராயும் தணிக்கையாளர் ஒருவர் எல்லா நிதிக்கும் தேவை. ஓடைக்கரைக்கு அத்தணிக்கையாளர் அங்கு வாழும் சிற்றுயிரே. கரையில் மரம் நின்றும் நிழலில்லையேல் பகற்பல்லி வாராது. நிழல் இருந்தும் சருகை வாரிவிட்டால் அரணை தங்காது. சருகு இருந்தும் பூச்சிமருந்து படிந்தால் இரையின்றி ஓணான் அகலும். அவை திரும்பி வந்து முட்டையிட்டுப் பெருகினால், கரை உண்மையாகவே உயிர்பெற்றது என்று துணியலாம். ஏட்டுக் கணக்கைத் திருத்தி எழுதக்கூடும். பல்லியை ஏமாற்றிக் குடியேற்ற இயலாது. ஆகவே ஓடைக்கரை மீட்பையும் ஓணான் காப்பையும் ஒரே செலவினமாகக் கொள்ளுதல் அறிவுடைமை.

இதற்கு எதிராக எழும் வாதங்களைப் புறக்கணித்தல் ஆகாது. ஓவேலியில் வாழ்வோர் பெருஞ்செல்வர் அல்லர். பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இப்பகுதியின் தொல்குடிகள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் கூடலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வாழ்கின்றனர். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய நிலவுரிமைச் சிக்கல் இன்னும் முற்றுந் தீரவில்லை. யானையால் உயிரிழந்தோரின் குடும்பங்களும் இங்கு உண்டு. இத்தகைய மக்களிடம் சென்று, ஓணானுக்குப் பணம் வந்திருக்கின்றது என்று கூறினால் அவர்கள் சினங்கொள்ளுதல் இயல்பே. ‘எங்கள் கூரைக்கு வழியில்லை, ஓணானுக்கு மாளிகையா?’ என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியைக் குற்றம் என்று எவரும் கூற இயலாது.

அக்கேள்விக்குத் தக்க விடை, பணத்தைச் செலவிடும் முறையிலேயே அடங்கியிருக்கின்றது. ஈடுசெய் நிதி காட்டுக்கென்றே சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. கூரைக்குரிய பணத்தைப் பிடுங்கி ஓணானுக்குத் தருவதன்று. ஓடைக்கரை மீட்போ, பெரும்பாலும் கையால் செய்யும் வேலை. உண்ணிச்செடியை வேரோடு அகற்றுதல், காட்டு விதைகளைத் திரட்டுதல், நாற்றங்கால் அமைத்தல், கன்றுகளைச் சில ஆண்டுகள் களையெடுத்துக் காத்தல் ஆகிய இவற்றுக்கு ஆகும் செலவின் பெரும்பகுதி கூலியே. எந்த மரம் எந்தக் கரையில் நிற்கும், எந்தத் திங்களில் எது பழுக்கும் என்பதைக் காட்டுநாயக்கரும் குறும்பரும் அறிந்த அளவுக்கு வெளியூரார் அறியார். அவர்களை ஆசிரியராகவும் உழைப்பாளராகவும் ஏற்று முறையான ஊதியம் அளித்தால், ஓணானின் பெயரால் வந்த பணம் ஓவேலியின் அடுப்பிலேயே எரியும்.

ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறுதல் வேண்டும். கரையை மீட்பதைக் காரணமாகக் காட்டி ஏழைகளின் குடிசை ஒன்றேனும் பெயர்க்கப்படலாகாது. பெருந்தோட்டங்களின் ஓடை விளிம்புகளிலும் அரசு நிலத்திலும் பணியைத் தொடங்குதலே நேர்மை. அதற்கு வாய்ப்பும் இருக்கின்றது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு 2022-ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அதே ஆண்டில் அயல்நாட்டுக் களைச்செடிகளை அகற்றிக் காடுகளை மீட்பதற்கான கொள்கையையும் வெளியிட்டது. அந்நிலங்களில் உழைத்த தொழிலாளர்க்கே மீட்புப் பணியில் முதலிடம் அளித்தால், தேயிலை பறித்த கைகள் வேலையிழவாமல் காடு வளர்க்கும் கைகளாக மாறும்.

இது வெறுங்கனவு அன்று. ஆனைமலைப் பகுதியின் வால்பாறையில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டு, இயற்கை ஆய்வாளர்கள் தோட்ட நிறுவனங்களின் இசைவோடு சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளைச் சீர்திருத்தி வருகின்றனர். ஒரே வகை மரத்தை நடாமல், அம்மண்ணுக்குரிய பல்வகைக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுதல் அவர்கள் கொண்ட முறை. ஓவேலியிலும் நாவலும் ஆற்றுவஞ்சியும் மூங்கிலும் தாழையும் பெரணியும் கலந்து நிற்கும் கரைகள் மீண்டும் அமையலாம். தேயிலையின் இரண்டு மூன்று வரிசைகளை விட்டுக்கொடுத்தால் கரைக்கு இடம் பிறக்கும். அதனால் தோட்டத்துக்கு நேரும் இழப்புச் சிறிது. வேர்களின் பிடியால் மேல்மண் ஓடையில் கரைந்து போகாமல் நிற்பதால் உண்டாகும் ஊதியம் பெரிது.

அவ்வூதியம் ஓவேலியோடு நின்றுவிடுவதும் அன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அண்டை மாவட்டமாகிய வயநாட்டில் மலை சரிந்து, 200-க்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தனர். மாண்டோரின் உடல்களைச் சாலியாறு நிலம்பூர்வரை சுமந்து சென்றது. பாண்டியாற்று நீரும் சென்று சேர்வது அந்தச் சாலியாற்றிலேயே. அத்தகைய பேரிடரைக் கரையோர மரங்கள் மட்டுமே தடுத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். ஆனால் வேரற்ற கரை ஒவ்வொரு மழையிலும் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றது என்பதில் ஐயமில்லை. மேலே வாழ்வோர் கரையைக் காத்தால் கீழே வாழ்வோரின் நீர் தெளியும். தமிழ்நாட்டு ஓடைக்குச் செய்யும் செலவு கேரள நாட்டு ஆற்றுக்கும் செய்யும் உதவியாகும்.

தெளிந்த நீர், பரந்த நிலம், உயர்ந்த மலை, நிழல் செறிந்த காடு ஆகிய நான்கையும் நாட்டுக்கு அரண் என்று வகுத்தார் வள்ளுவர். படையும் மதிலும் வருமுன்னரே இயற்கை கட்டித்தந்த கோட்டை அது. அக்கோட்டையில் எந்தக் கல் பெயர்ந்தது என்பதை உள்ளிருந்து முதலில் அறிவது அங்குக் குடியிருக்கும் சிற்றுயிரே. அதன் குரல் செவியில் விழுவதில்லை. அது மறைந்துபோதலே அதன் குரல்.

அக்குரலை உணர்தற்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. குறித்த ஓடைக்கரையில் குறித்த நாளில் எத்தனை பல்லிகள் தென்பட்டன என்று ஆண்டுதோறும் எண்ணி எழுதுதல் போதும். பிடித்தலும் துன்புறுத்தலும் வேண்டா. கண்ணும் பொறுமையும் ஒரு குறிப்பேடும் வேண்டும். ஓணானைக் கண்டவுடன் கல்லெடுக்கும் சிறுவரின் கை குறிப்பேட்டை எடுக்குமாயின், அக்கணக்கு அரசின் ஏட்டுக்குத் துணையாகும். பொதுப்பணம் பொறுப்போடு செலவாகின்றதா என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு; அவ்வுரிமைக்கு வேண்டிய சான்றை ஓவேலியின் மாணாக்கரே திரட்டித் தரலாம்.

ஒரு சிறு பல்லிக்காக இத்துணைச் செலவா என்று நகைத்தோர், செலவின் முழுக் கணக்கையும் பார்ப்பாராயின் நகைப்பை விடுவர். பல்லிக்கு நிழல், ஓடைக்குக் கரை, தொழிலாளிக்குக் கூலி, கீழ்நாட்டுக்குத் தெளிந்த நீர் என ஒரே பணம் நான்கு இடங்களில் பயன் தருகின்றது. காட்டை அழித்துப் பெற்ற செல்வத்தை ஓவேலி ஒன்றேமுக்கால் நூற்றாண்டாக உலகுக்கு வழங்கியிருக்கின்றது. அதில் ஒரு சிறுபகுதியை அதன் ஓடைக்கரைக்குத் திருப்பித் தருவதே இனிச் செய்யத்தக்க அறம்.